உழைப்பு பெண்ணுடையது, பெயர் யாருடையது?

(மாரமங்கலத்தில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு பெண் தோழர் செய்த சொற்பொழிவு)



"நாட்டு முன்னேற்றத்திற்குப் பெண்கள் வேலைக்கு வருவது" என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம். நோட்டீசில் அப்படித்தான் அச்சடித்திருக்கின்றீர்கள். இதற்காக உங்கள் மீது எனக்கு வருத்தமில்லை. பத்திரிகைகளும், சர்க்கார் அறிக்கைகளும், பெரிய படிப்புப் படித்தவர்களும் அப்படியேதான் எழுதி வருகின்றார்கள். ஆனால், ஏற்காட்டிலிருந்து இந்த மாரமங்கலத்துக்கு வரும் வழியில் நான் ரோட்டின் இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தேன். காப்பிச் செடிகளுக்குள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் யார்? விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தவர்கள் யார்? குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் யார்? டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? (சிரிப்பு.)

ஆகவே, முதலில் இந்த "வேலைக்கு வருவது" என்னும் வார்த்தையையே நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். வருவது என்றால் இதுவரை வராமல் இருந்தவர்கள் என்றல்லவா அர்த்தம்? இந்த மலையில் எந்தக் காலத்தில் எந்தப் பெண் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்? சாமை விதைத்தது யார்? களை எடுத்தது யார்? அறுத்ததைக் குத்திப் புடைத்துச் சோறாக்கியது யார்? இதெல்லாம் வேலையல்ல, பழம் பறிக்கப் போனால்தான் வேலை என்றால், அந்தக் கணக்கை எழுதியவன் புத்தியில் கோளாறு என்று சொல்லுவேனேயொழிய, பெண்ணின் மீது குறை சொல்லமாட்டேன்.

உழைப்பு வெகுகாலமாகப் பெண்ணுடையதாகவே இருந்து வருகின்றது. ஆனால் அந்த உழைப்பிற்கு எழுதப்படும் பெயர் மாத்திரம் பெண்ணுடையதாக இல்லை. கூலிப் புத்தகத்திலும், பட்டாவிலும், வீட்டு வரிச் சீட்டிலும் வேறு யாருடைய பெயரோ இருக்கின்றது. இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றவையெல்லாம் இதற்கு விளக்கமே.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். என் தாயார் ஒரு தோட்டத்தில் வெகு வருஷம் பழம் பறித்தவர். அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. நான் சிறு பெண்ணாயிருந்தபோது ஒரு சம்பள நாளில் ரைட்டரின் மேசைமேல் கிடந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். என் தாயார் பெயரைத் தேடினேன், இல்லை. "இன்னார் பெண்சாதி" என்று என் தகப்பனார் பெயர்தான் இருந்தது. பறித்தது அவர் கை; பெயர் இவருடையது; பணமும் பல நாள் இவர் கைக்கே போயிற்று. நான் வீட்டுக்கு வந்து என் தாயாரைக் கேட்டேன். "பேரில் என்னடி இருக்கிறது, பசி தீர்ந்தால் சரி" என்றார். பேரில் என்ன இருக்கிறது என்பதை அவர் பின்னால் நன்றாகத் தெரிந்துகொண்டார். என் தகப்பனார் இறந்தபோது, இத்தனை வருஷம் வேலை செய்தேன் என்று காட்ட அவர் கையில் ஒரு காகிதங்கூட இல்லை.

தோழர்களே! இது நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. உங்கள் பெரியவர்கள் சொல்லும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்களாம். சரி, வந்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் பெயர் என்ன? ஒரு ஜாதி முழுவதையும் பெற்று வளர்த்த பெண்களின் பெயர் கதையில் இல்லை. கதை கட்டியவன் ஆண் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

பிறகு காப்பி வந்தது. 1820களில் சேலம் ஜில்லா கலெக்டராயிருந்த காக்பர்ன் என்னும் வெள்ளைக்காரர் இங்கே காப்பி பயிரிட்டார் என்று சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார்கள். துரையின் பெயர் இருக்கின்றது. அவருடைய பங்களாவின் பெயர் இருக்கின்றது. இருநூறு வருஷமாகத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பழத்தைப் பறித்துக் கொடுத்தவர்களின் பெயர் எங்கே? சீமையிலே காப்பி குடித்தவனுக்குத் துரையைத் தெரியும். நம் ஊரில் காப்பி குடிப்பவனுக்குக் கடைக்காரனைத் தெரியும். பறித்தவளை யாருக்கும் தெரியாது.

அந்த வேலை சாமான்யமா? ஒரே கொத்தில் சிவந்த பழமும், அரைப் பழமும், பச்சைக் காயும் சேர்ந்தே இருக்கும். பச்சையைப் பறித்தால் காப்பி கெட்டுப்போகும். பழுத்ததை விட்டால் உதிர்ந்துபோகும். கார்த்திகைக் குளிரில், அட்டை கடிக்கும் ஈரத்தில், சரிவிலே ஒரு காலை ஊன்றி, ஒரு கையால் கிளையை வளைத்து, மறு கையால் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். 5, 6 கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை கிடைக்கின்றது. கண்ணும் விரலும் ஒன்றாக வேலை செய்யும் வித்தை இது. இதற்கு என்ன பெயர் வைத்திருக்கின்றார்கள்? "லேசான வேலை" என்று பெயர்! நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிப்பது கனமான வேலையாம். காலை முதல் மாலை வரை நின்று பறித்து மூட்டையை எடை போடும் இடத்துக்குச் சுமந்து வருவது லேசான வேலையாம். ஏன் லேசு? பெண் செய்வதால் லேசு. அவ்வளவுதான் காரணம். அதே மூட்டையை ஆண் சுமந்தால் அதற்குச் சுமைகூலி என்று தனியாகக் கேட்பான்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மாதவிலக்கான நாளில் பெண் கோயிலுக்குள் போகக்கூடாது, சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது, தீட்டு என்கின்றார்கள். அப்படிச் சொல்லும் எந்த வீட்டிலாவது, "அம்மா, இன்று தோட்டத்து வேலைக்குப் போகாதே, காப்பிச் செடிக்குத் தீட்டு" என்று சொன்னதுண்டா? சாமிக்குத் தீட்டு, சம்பளத்துக்குத் தீட்டில்லை. பானைக்குத் தீட்டு, அவள் கொண்டுவரும் பணத்துக்குத் தீட்டில்லை. இதை ஒருநாள் உட்கார்ந்து யோசித்தால் போதும், தீட்டு என்பது யாருக்குச் சௌகரியமாகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பது விளங்கிவிடும்.

நிற்க, சர்க்கார் கணக்குக்கு வருவோம். இந்திய சர்க்கார் வருஷந்தோறும் எடுக்கும் தொழிலாளர் கணக்கின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18ல் 100க்கு 23 பேர். 2023-24ல் 100க்கு ஏறக்குறைய 42 பேர். ஆறே வருஷத்தில் இவ்வளவு பெரிய வளர்ச்சி என்று சந்தோஷப்படுகின்றார்கள். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் அதே அறிக்கையின் மற்றொரு பக்கத்தைப் புரட்டினால் என்ன இருக்கின்றது? வேலை செய்யும் பெண்களில் 100க்கு 37 பேர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவர்கள் என்று இருக்கின்றது. கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 77 பேர் விவசாயத்தில் இருக்கின்றார்கள். அதாவது, வேலைக்காரி என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கூலி மாத்திரம் கிடையாது! புருஷனுடைய காட்டில், புருஷனுடைய கடையில், புருஷனுடைய மாட்டுக்குப் பாடுபடுகின்றாள். நாட்டுக் கணக்கில் அவள் முன்னேறிவிட்டாள். அவள் முந்தானை முடிச்சில் காலணாவும் இல்லை.

அமெரிக்காவில் கிளாடியா கோல்டின் என்றொரு அம்மையார் இருக்கின்றார். தம் நாட்டுப் பெண்கள் உழைப்பின் 200 வருஷக் கணக்கைத் தோண்டியெடுத்து ஆராய்ந்ததற்காக 2023ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் கண்டது என்ன? பழைய கணக்கில் பல பெண்களுக்கு "மனைவி" என்று மாத்திரம் எழுதி, தொழில் இல்லையென்று விட்டுவிட்டார்கள். உண்மையில் அவர்கள் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் உழைத்தார்கள். பண்ணை போய் ஆலை வந்தபோது, வீட்டையும் பிள்ளையையும் விட்டு வெளியே போக முடியாமல் பெண்களின் வேலை குறைந்தது. படிப்பும் உத்தியோகமும் பெருகிய பிறகே மீண்டும் ஏறிற்று. ஆகவே, நாடு பணக்கார நாடானால் பெண்ணுக்கு விடுதலை தானாக வந்துவிடும் என்பது பொய். "இன்னார் பெண்சாதி" என்று எழுதும் வழக்கம் மாரமங்கலத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பதும் இதனால் தெரிகின்றது.

சிலர், "பெண்களுக்கு வெளிவேலையில் இஷ்டமில்லை, அவர்களே வீட்டோடு இருக்க விரும்புகின்றார்கள்" என்று சொல்லுகின்றார்கள். இதற்கு வாதம் எதற்கு? நடந்த காரியத்தையே சொல்லுகிறேன். 2005ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஊருக்குப் பக்கத்திலேயே வேலை என்று எழுதினார்கள். என்ன நடந்தது? தமிழ்நாட்டில் அச்சட்டத்தின் கீழ் செய்த வேலை நாட்களில் 100க்கு 80க்கு மேல் பெண்கள் செய்ததாயிற்று. யாராவது வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்களா? இல்லையே! கூலி சமமாகவும், இடம் பக்கமாகவும் இருந்தால் பெண்கள் தாமே வருகின்றார்கள். இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களில் 100க்கு 43 பேர் தமிழ்நாட்டுப் பெண்கள் என்று 2019-20ஆம் வருஷத்துக் கணக்கு சொல்லுகின்றது. இஷ்டமில்லாதவர்களா இவ்வளவு பேர் போனார்கள்?

ஆனால் ஆலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் ஆலைகளில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழை வீட்டு இளம் பெண்களை மூன்று வருஷத்துக்கென்று சேர்த்து, விடுதியில் அடைத்து, மாதக் கூலியைப் பிடித்து வைத்து, முடிவில் ஒரு மொத்தத் தொகை கல்யாணத்துக்கு என்று சொன்னார்கள். அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர்! அவள் நூற்றது நூல், பெயர் சுமங்கலி. அவள் சம்பாதித்தது கூலி. அதற்குப் பெயர் சீர்வரிசை. நடுவில் உடம்புக்கு முடியாமல் போனவளுக்கு அதுவும் இல்லை என்று கைவிரித்த இடங்களும் உண்டு. வரதட்சணை வாங்குவது குற்றம் என்று 1961லேயே சட்டம் செய்த நாட்டில், வரதட்சணைக்காகப் பெண்ணின் கூலியையே பிடித்து வைக்கும் திட்டத்துக்கு மங்களகரமான பெயர் வைத்தார்கள். ஆகையால்தான், வேலை கிடைத்தால் மாத்திரம் போதாது. கூலி அவள் கையில், அவள் பெயரில், மாதா மாதம் வரவேண்டும் என்று சொல்லுகிறேன்.

இனி வீட்டு வேலைக்கு வருகிறேன். சர்க்கார் 2024ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஒரு நாளில் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகின்றார்கள் என்று கேட்டார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிஷம். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். அதிலும், வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை! ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் குழாயடியிலும் நின்றுவிட்டு, அதன் பிறகு எட்டு மணி நேரம் தோட்டத்தில் நிற்பவளைப் பார்த்து, "நீ லேசான வேலை செய்கின்றாய்" என்று சொல்ல எப்படித்தான் நாக்கு வருகின்றதோ தெரியவில்லை.

ஐஸ்லாந்து என்று ஒரு சிறு தேசம் இருக்கின்றது. 1975ஆம் வருஷம் அக்டோபர் 24ந் தேதி அந்நாட்டுப் பெண்களில் 100க்கு 90 பேர் ஒரே ஒரு நாள் வேலை செய்வதில்லை என்று தீர்மானித்தார்கள். ஆபீசிலும் இல்லை, ஆலையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. அன்றைக்கு ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். பள்ளிக்கூடங்களும் கடைகளும் பல இடத்தில் மூடிக் கிடந்தன. தேசமே நின்றுவிட்டது. அடுத்த வருஷமே ஆண் பெண் சமத்துவத்துக்குச் சட்டம் வந்தது. பெண் செய்வது வேலையா இல்லையா என்பதை ஒரு நாள் செய்யாமல் இருந்தல்லவா காட்ட வேண்டியிருந்தது!

"அது வெள்ளைக்காரத் தேசம், நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்திலேயே காட்டுகிறேன். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்கள், போனஸ் 20 சதவிகிதத்துக்குப் பதில் 10 சதவிகிதந்தான் என்று சொன்னதும் ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்களை நம்பவில்லை. சமாதானம் சொல்ல வந்த தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். "பெம்பிளை ஒருமை" என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவிகிதம் வாங்கினார்கள். நாட்கூலிக்காக மறுபடியும் போராடினார்கள், 500 ரூபாய் கேட்டார்கள், அது கிடைக்கவில்லை, ஆனால் 232 ரூபாயாக இருந்தது 301 ரூபாயாயிற்று. அவர்கள் யார்? உங்களைப்போல் பைக்குள் இலை பறித்துப் போட்டவர்கள். அடுப்பு மூட்டிவிட்டு வேலைக்குப் போனவர்கள். மேடைப் பேச்சுப் பேசிப் பழகாதவர்கள். அவர்களால் ஆனது உங்களால் ஏன் ஆகாது?

சட்டங்களே இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1929ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், எந்தத் தொழிலையும் செய்யச் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது, இது நடக்கிற காரியமா என்று சிரித்தவர்கள் அநேகர். 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் வைக்க வேண்டும் என்றார்கள். 1961ல் பிரசவ காலச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. 1976ல் ஒரே மாதிரியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் வந்தது. இவையெல்லாம் 2019, 2020ஆம் வருஷங்களில் செய்த புதிய சட்டத் தொகுப்புகளுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன.

ஆனால் இந்தச் சட்டங்களுக்குக் கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவின் சாவிதான் பெயர். பிரசவச் சம்பளம் வேண்டுமானால் ஒரு வருஷத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம் வைத்த நிபந்தனை. 80 நாள் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? உங்கள் பெயரில் ஆள் பேரேடு இருந்தால் காட்டலாம். "இன்னார் பெண்சாதி" என்று இருந்தால் எப்படிக் காட்டுவது? பழம் பறிக்கும் காலத்துக்கு மாத்திரம் மேஸ்திரி மூலமாக வந்து போகின்றவள் எப்படிக் காட்டுவது? 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்களுக்குத் தோட்டச் சட்டமே பொதுவாக எட்டவில்லை. அங்கே பறிப்பவளுடைய பிள்ளைக்குக் காப்பகம் எங்கே? மர நிழலில் கட்டிய தூளிதான் காப்பகம். அந்தப் பிள்ளைக்கு மூத்ததாக இருக்கும் பெண்தான் ஆயா. அவள் அதனால் பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் படிக்காததனால் நாளைக்கு அவளும் பையைக் கட்டிக்கொண்டு அதே சரிவுக்கு வருகின்றாள். இதற்குத் தலையெழுத்து என்கின்றார்கள். தலையில் ஒருவனும் எழுதவில்லை. பேரேட்டில் எழுதாததுதான் காரணம்.

இப்போது, உங்களில் ஆண்களுக்குக் கொஞ்சம் கசப்பாயிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கூலிக்குச் சொன்னதெல்லாம் முதலாளியைப் பார்த்துச் சொன்னது என்று இதுவரை சந்தோஷமாகக் கை தட்டினீர்கள். நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது நமது வீட்டையே பார்க்க வேண்டியிருக்கின்றது.

இந்த மலையில் உங்கள் சொந்தக் காட்டில் மிளகும், காப்பியும், பலாவும் இருக்கின்றன. அங்கே பெண் பாடுபடுகின்றாள். பட்டா யார் பெயரில்? தகப்பனுக்குப் பின் யாருக்குப் போகின்றது? பிள்ளைகளுக்கு. பெண்ணுக்கு? "கட்டிக்கொடுத்துவிட்டோமே" என்கின்றீர்கள். சமவெளியில் இந்துப் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் ஆண் பிள்ளைக்குச் சமமான பங்கு என்று 1989ல் தமிழ்நாட்டிலும், 2005ல் இந்தியா முழுவதிலும் சட்டம் வந்துவிட்டது. செங்கல்பட்டில் தீர்மானம் செய்து 60 வருஷம் கழித்தாவது வந்தது. ஆனால் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே, மத்திய சர்க்கார் தனியாக உத்தரவு போட்டாலொழிய இச்சட்டம் பழங்குடிகளுக்குச் செல்லாது என்று எழுதியிருக்கின்றது. நீங்கள் மலையாளிகள், பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். ஆகவே, சேலத்தில் இருக்கும் பெண்ணுக்குச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்த பங்கு, இருபது திருப்பம் ஏறி மலைக்கு வந்தால் உங்கள் பெண்ணுக்கு இல்லை. அவள் கோர்ட்டுக்குப் போய் வாதாட வேண்டும்!

உங்கள் வழக்கத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படி விட்டுவைத்தார்கள் என்பார்கள். வழக்கம் யாருடையது? அந்த வழக்கத்தை ஏற்படுத்திய பஞ்சாயத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்தார்கள்? ஒருவரைக் கேட்காமல் அவர் சொத்தை எடுத்துக்கொள்வதற்கு வழக்கம் என்றா பெயர்? 2023ல் சென்னை உயர்நீதிமன்றம் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டென்று தீர்ப்புச் சொல்லியது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கோண்டு குடும்பத்து வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கு இல்லையென்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லியிருக்கின்றது. கோர்ட்டுக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது. கோர்ட்டு வாசல் தெரியாத பெண்ணுக்கு யார் கொடுப்பது? அவள் தகப்பனும் அண்ணன் தம்பியும் கொடுத்தாலென்ன?

"பெண்ணுக்குக் கொடுத்தால் நிலம் வேற்றாளிடம் போய்விடும்" என்று சொல்லுகின்றீர்கள். நியாயமான பயந்தான். மலை நிலம் கைமாறிப் போகின்றது என்பது எனக்கும் தெரியும். ஆனால், இதுவரை விற்றுப்போன நிலங்களின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அதில் கையெழுத்துப் போட்டது யார்? பட்டா யார் பெயரிலோ அவர்தானே போட்டிருக்க முடியும்? பெண் பெயரில் பட்டாவே இல்லாதபோது, நிலத்தை இழந்த பழியை அவள் தலையில் எப்படிச் சுமத்துவது? நான் சொல்லுகிறேன்: இருவர் பெயரிலும் பட்டா இருந்தால், குடித்த மயக்கத்தில் ஒருவன் மாத்திரம் கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் விற்றுவிட முடியாது. நிலத்துக்கு இரண்டு பூட்டுப் போட்ட மாதிரி அது.

இது புதுமையான காரியமுமல்ல. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில், கல்யாணமானவர்களுக்குக் கொடுக்கும் உரிமைப் பட்டாவைப் புருஷன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கின்றது. காட்டு நிலத்துக்கு நியாயமானது வீட்டு நிலத்துக்கு ஏன் நியாயமாகாது? சேர்வராயன் குகைக் கோயிலில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மனும் இருக்கின்றாள் என்று சித்திரை வைகாசியில் கூட்டங் கூட்டமாகப் போய்க் கும்பிடுகின்றீர்கள். சாமிக்குப் பக்கத்தில் பெண்ணுக்கு இடம் இருக்கின்றது. சர்வே நம்பருக்குப் பக்கத்தில் மாத்திரம் இடமில்லையா?

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆரம்பித்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்கில் போட்டார்கள். அதற்குத் தர்மம் என்றோ உபகாரம் என்றோ பெயர் வைக்காமல், "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். தொகை சிறியதுதான், அவள் உழைப்பின் விலை அதுவல்ல. ஆனால் அந்தப் பாஸ் புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்த பெண், கூலிப் புத்தகத்திலும் பட்டாவிலும் தன் பெயர் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தாய்மார்களே! உங்களிடம் நான் பெரிய தியாகம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சம்பள நாளில் கூலிப் புத்தகத்தில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கின்றதா என்று கேட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள். வேலை செய்த நாட்களை வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டாவது வையுங்கள். கூலியை உங்கள் கணக்கில் வாங்குங்கள். மூத்த பெண்ணைத் தூளி ஆட்ட வைக்காதீர்கள். தோட்டத்தில் காப்பகம் கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்டால் துரத்துவார்கள், ஊராகக் கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

ஆண் தோழர்களே! உங்களிடமும் இரண்டுதான் கேட்கிறேன். ஒன்று, அந்த 289 நிமிஷத்தில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தண்ணீர்க் குடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மற்றொன்று, பட்டாவில் உங்கள் மனைவி பெயரையும், பங்கில் உங்கள் பெண் பெயரையும் சேர்க்கச் சம்மதியுங்கள். முதலாளியிடம் நியாயம் கேட்கும் வாயால் வீட்டில் நியாயம் மறுத்தால், முதலாளி உங்களைப் பார்த்துச் சிரிப்பான். அவன் சிரிப்பதில் தப்புமில்லை.

நான் சொன்னவற்றை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வழக்கம் என்பதற்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கின்றார்கள், யார் எத்தனை மணிக்குப் படுக்கின்றார்கள், எந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கின்றது என்று ஒரே ஒரு நாள் கணக்குப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகின்றதோ அப்படியே நடந்துகொள்ளுங்கள்.